இதயத் தளர்வுக் குறைபாடு: நெஞ்சு நெரிப்பு ஆய்வில் மீயொலி கொணர்ந்த மாற்றம் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இதயத் தசைக்கு வேண்டிய குருதி போதாமையால் தோன்றும் நெஞ்சு நெரிப்பு, 1768-ஆம் ஆண்டில் தனி நோயாக விவரிக்கப்பட்டது. அந்நோயில் இதயம் முதலில் இழப்பது சுருங்கும் ஆற்றலையா, தளரும் ஆற்றலையா என்ற வினா எழுவதற்கும் விடை பெறுவதற்கும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின. தளர்வு என்பது இதயத்தின் செயலற்ற ஓய்வு என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியதே இத்தாமதத்திற்குரிய காரணங்களுள் முதன்மையானது. அக்கருத்து தோன்றிய விதத்தையும், உடலியல் ஆய்வுகளும் மீயொலிக் கருவியும் அதனை மாற்றிய விதத்தையும், அம்மாற்றத்தின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நெஞ்சு நெரிப்பு, இதயத் தளர்வு, விரிநிலை, மீயொலி, டாப்ளர், மருத்துவ வரலாறு.

1. முன்னுரை

நலமான ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு 75 முறை துடிப்பதாகக் கொண்டால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி ஆகிறது. அதில் கீழறைகள் சுருங்கிக் குருதியை வெளியேற்ற ஏறத்தாழ 0.3 நொடி போதும். எஞ்சிய 0.5 நொடியும் அவை தளர்ந்து, விரிந்து, மீண்டும் நிரம்புவதற்கு உரியது. முன்னதைச் சுருக்கநிலை என்றும் பின்னதை விரிநிலை என்றும் வழங்குவர். காலக் கணக்கில் பார்த்தால் இதயத்தின் வாழ்நாளில் பெரும்பகுதி விரிநிலையிலேயே கழிகிறது. எனினும் மருத்துவ வரலாற்றின் கவனம் பெரிதும் சுருக்கநிலையின்மீதே நிலைத்திருந்தது.

இன்று இதய மருத்துவமனைக்கு நெஞ்சுவலியுடன் வருவோர் பலருக்கு, மக்கள் வழக்கில் ‘எக்கோ’ எனப்படும் இதய மீயொலி வரைவு எடுக்கப்படுகிறது. அதன் அறிக்கையில் இதயத்தின் சுருங்கும் ஆற்றல் இயல்பாக உள்ளது என்ற வரிக்குக் கீழே, ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்றொரு வரியும் இடம்பெறுவதுண்டு. முதல் வரியைக் கண்டு ஆறுதல் கொள்ளும் நோயர், இரண்டாம் வரியைக் கண்டு அஞ்சுவதா, அதனைப் பொருட்படுத்தாது விடுவதா என்று அறியாமல் திகைக்கிறார். இரண்டாம் வரி அறிக்கையில் இடம்பெற்ற வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

2. கேலன் முதல் ஹார்வி வரை

இதயத்தின் இரு இயக்கங்களுள் எது அதன் தொழில் என்பது பழைய வினா. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், இதயம் விரியும்போது தன் ஆற்றலால் குருதியை உள்ளிழுக்கிறது என்று கருதினார். அவர் கொள்கையில் விரிதலும் ஒரு செயலே. அக்கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மேலைநாட்டு மருத்துவக் கல்வியில் கோலோச்சியது.

1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். உயிருள்ள விலங்குகளின் இதயத்தைக் கையால் தொட்டும் கண்ணால் கண்டும் ஆராய்ந்த அவர், சுருங்கும்போதுதான் இதயம் இறுகுகிறது, அதுவே அதன் உண்மையான இயக்கம் என்று நிறுவினார். கேலன் கொள்கையின் பல பிழைகளை ஹார்வி களைந்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்திருத்தத்தோடு விரிநிலை பின்னுக்குத் தள்ளப்பட்டது. சுருங்குவது உழைப்பு, விரிவது ஓய்வு என்னும் பாகுபாடு அடுத்துவந்த தலைமுறைகளின் பொது அறிவாயிற்று. நெஞ்சு நெரிப்பு மருத்துவர்களின் கவனத்திற்கு வந்தபோது இப்பாகுபாடே அவர்கள் சிந்தனையில் வேரூன்றியிருந்தது.

3. ஹெபர்டனின் விவரிப்பும் விடை தராத உடற்கூற்றாய்வும்

1768-ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் கல்லூரியில் வில்லியம் ஹெபர்டன் ஒரு கட்டுரை படித்தார். அது 1772-இல் அச்சேறியது. நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போதும் உணவுக்குப் பின்னும், நெஞ்சை நெரிப்பதுபோன்ற வலி தோன்றுகிறது. நின்றவுடன் மறைகிறது என்று அதில் அவர் விவரித்தார். நோய்க்கு அவர் இட்ட இலத்தீன் பெயரும் ‘மார்பின் நெரிப்பு’ என்றே பொருள்படும். நோயின் இடம் இதயம் என்று அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆனால் நோயரின் சொற்களைக் கூர்ந்து கேட்டதால், உழைப்பில் தோன்றி ஓய்வில் நீங்கும் அதன் இயல்பைத் துல்லியமாகப் பதிவு செய்தார்.

அக்கட்டுரையை அறிந்த ஒருவர், தமக்கும் அதே துன்பம் இருப்பதாகப் பெயர் குறிப்பிடாமல் ஹெபர்டனுக்கு மடல் எழுதினார். தாம் திடீரென இறக்க நேர்ந்தால் தம் உடலைத் திறந்து ஆராயுமாறும் அதில் வேண்டினார். தமக்குள் உயிரின் இயக்கம் யாவும் சில நொடிகள் நின்றுவிடுவதுபோன்ற உணர்வு எழுவதாகவும் அவர் குறிப்பிட்டிருந்தார். சில வாரங்களில் அவர் இறந்தார். அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் உடலைத் திறந்து பார்த்தார். எட்வர்ட் ஜென்னர் உடனிருந்தார். இறப்புக்குரிய காரணம் ஏதும் புலப்படவில்லை. இதயத் தமனிகளை அவர்கள் அப்போது ஆராயவில்லை.

பின்னாளில் ஹண்டரே நெஞ்சு நெரிப்புக்கு ஆளானார். இதயத் தமனிகளின் இறுக்கமே நோய்க்குக் காரணமாகலாம் என்று அதற்குள் ஐயுற்றிருந்த ஜென்னர், நண்பரின் மனம் கலங்கும் என்று கருதி அதை வெளியிடத் தயங்கினார். 1793-இல் ஹண்டர் இறந்தபோது அவருடைய இதயத் தமனிகள் எலும்புபோல் இறுகியிருந்தமை காணப்பட்டது. 1799-இல் கேலப் பாரி என்னும் மருத்துவர் ஜென்னரின் கருத்தையும் உள்ளடக்கி இத்தொடர்பை விளக்கும் நூலை வெளியிட்டார்.

இந்நிகழ்வுகளிலிருந்து இரு செய்திகளை அறியமுடிகிறது. இறந்த இதயத்தில் அடைப்பைக் காணலாம்; வலி எழும் அந்நேரத்தில் இதயம் எவ்வாறு இயங்கியது என்பதைக் காணமுடியாது. அடுத்து, நிற்பதால் வலி நீங்குகிறது என்ற ஹெபர்டனின் பதிவிலேயே விரிநிலையின் பங்கு மறைந்திருந்தது. இடது கீழறையின் தசைக்குள் குருதி பெரும்பாலும் விரிநிலையிலேயே பாய்கிறது. சுருக்கநிலையில் இறுகும் தசை தனக்குள் ஓடும் தமனிகளையே நெருக்கிவிடுகிறது. நடையின் வேகம் கூடி இதயத் துடிப்பு மிகும்போது சுருக்கநிலையைவிட விரிநிலையே அதிகமாகக் குறுகுகிறது. தசையின் தேவை உயரும் அதே வேளையில் அதற்கு ஊட்டம் சேரும் காலம் சுருங்குகிறது. நின்றவுடன் அக்காலம் மீள்கிறது. ஹெபர்டன் காலத்தில் இதனை ஆராயும் கருவி எவரிடத்தும் இல்லை.

4. வலியின்போது உயரும் அழுத்தம்

இதயத்திற்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் முறை இருபதாம் நூற்றாண்டில் உருவானது. 1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் கைச் சிரை வழியே தம் இதயத்திற்குள் குழாய் செலுத்திக் காட்டினார். ஆந்த்ரே கூர்னான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் அதனை மருத்துவ முறையாக வளர்த்தனர். மூவரும் 1956-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இம்முறையால் வலி எழும் நேரத்திலேயே இதயத்தை ஆராய முடிந்தது. 1958-இல் முல்லர், ரோர்விக் என்னும் ஆய்வாளர்கள், நெஞ்சு நெரிப்பின்போது நுரையீரல் பக்கத்துக் குருதி அழுத்தம் உயர்வதையும், நைட்ரோகிளிசரின் கொடுத்தால் அது தணிவதையும் பதிவு செய்தனர். 1969-இல் பார்க்கரும் அவர் குழுவினரும் மின்தூண்டலால் இதயத் துடிப்பை விரைவுபடுத்தி நெஞ்சு நெரிப்பை உண்டாக்கி, இடது கீழறை நிரம்பிமுடியும் வேளையில் அதன் அழுத்தம் உயர்வதைக் கண்டனர்.

இவ்வுயர்வை முதலில் இதயத்தின் சுருங்கும் ஆற்றல் குன்றியதன் விளைவாகவே கொள்ள இயலும். வெளியேறாத குருதி தேங்குகிறது, அதனால் அழுத்தம் உயர்கிறது என்பது எளிய விளக்கம். 1973-இல் மெக்லாரின், ரோலட், கிராஸ்மன் ஆகியோர் வேறொன்றைக் காட்டினர். குருதிக் குறையின்போது கீழறை தளரும் வேகமே குன்றுகிறது என்பது அவர்தம் கண்டுபிடிப்பு. 1976-இல் வைஸ், ஃபிரெடரிக்சன், வைஸ்ஃபெல்ட் ஆகியோர் சுருக்கத்திற்குப் பின் கீழறை அழுத்தம் விழும் வேகத்தை ஒற்றை எண்ணால் குறிக்கும் முறையை வகுத்தனர். ‘டௌ’ என்னும் கிரேக்க எழுத்தால் அது வழங்கப்படுகிறது. தளர்வு அளவிடத்தக்க ஒன்றாயிற்று.

5. தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும்

குருதி குறைந்தால் தளர்வு ஏன் கெட வேண்டும் என்ற வினாவுக்கு உயிர்வேதியியல் விடை தந்தது. தசையிழைகள் சுருங்குவதற்குக் கால்சியம் அவற்றின் உள்ளே வெளிப்பட வேண்டும். தளர்வதற்கு அது மீண்டும் அகற்றப்பட வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹாசல்பாக், மாக்கினோசே ஆகியோரும், எபாஷி, லிப்மன் ஆகியோரும் தசைக்குள் உள்ள நுண்வலைப் பைகள் கால்சியத்தை உள்ளே ஈர்த்துக்கொள்வதைக் காட்டினர். இவ்வேற்றத்திற்கு ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு செலவாகிறது. ஒன்றையொன்று பற்றிய தசைப் புரதங்கள் விடுபடுவதற்கும் அதே மூலக்கூறு வேண்டும்.

இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவதை அனைவரும் அறிவர். ஆற்றல் தீர்ந்த தசை தளர்ந்து தொங்காமல் இறுகி நிற்பதே விறைப்பு. தளர்வு ஆற்றல் வேண்டாத ஓய்வு எனின் அது நிகழ இடமில்லை. ஊட்டம் குறைந்த இதயத் தசையும் இவ்வாறே விரைந்து தளரமுடியாமல் தடுமாறுகிறது. 1980-களில் ஆன்ட்வெர்ப் நகரைச் சேர்ந்த புரூட்சார்ட்டும் அவர் குழுவினரும் தளர்வின் ஒழுங்குமுறைகளை விரிவாக ஆராய்ந்து, அதனைச் சுருக்கச் செயலின் தொடர்ச்சியாகவே கொள்ளவேண்டும் என்று வாதிட்டனர். விரிநிலையைச் செயலாகக் கண்ட கேலனின் உள்ளுணர்வு, அவர் அறிந்திராத காரணங்களால், ஓரளவு மீட்கப்பட்டது எனலாம்.

6. மீயொலியின் வருகை

இதுவரை கூறியவை யாவும் குழாய் செலுத்திப் பெற்ற அறிவு. நெஞ்சுவலியுடன் வரும் ஒவ்வொருவருக்கும் அதைச் செய்ய இயலாது. புறத்தே இருந்தபடியே விரிநிலையைக் காட்டியது மீயொலி.

சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் இதய மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸும் இணைந்து, உலோகத்தில் விரிசல் காணப் பயன்பட்ட மீயொலிக் கருவியை இதயத்தின்மீது திருப்பினர். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் துடிக்கும் இதயத்தின் எதிரொலி முதன்முதலில் படச்சுருளில் பதிவாயிற்று. எட்லர் நோக்கிய தெளிவான அலை இடது மேலறையின் சுவரிலிருந்து வருவதாக முதலில் கருதப்பட்டது. அது ஈரிதழ் வால்வின் முன்னிதழ் அசைவு என்பது உடற்கூற்றாய்வுகளின் துணையால் பின்னரே தெளிவாயிற்று. வால்வு குறுகியோருக்கு அவ்விதழ் மெல்ல மூடும் என்பதைக் கொண்டு எட்லர் நோயை அறுதியிட்டார். அவ்விதழ் திறந்து அசைவது விரிநிலையில் ஆதலின், இதய மீயொலியின் முதற்பயன் விரிநிலையைக் காண்பதாகவே அமைந்தது. எனினும் அன்று தேடப்பட்டது வால்வின் பழுதே. தசையின் தளர்வு எவர் கருத்திலும் இல்லை.

அடுத்த படி டாப்ளர் முறை. 1950-களின் நடுவில் ஒசாக்காவில் சாத்தோமுரா ஷிகேயோ இதய இயக்கத்தை அறிய மீயொலி டாப்ளரைப் பயன்படுத்தினார். நார்வேயில் லிவ் ஹாட்லே, பியோர்ன் ஆங்கெல்சன் ஆகியோர் குருதியின் வேகத்திலிருந்து அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடும் முறையை வளர்த்து, 1982-இல் நூலாக வெளியிட்டனர். அதே ஆண்டில் ஜப்பானில் கித்தாபத்தாக்கேயும் குழுவினரும் ஈரிதழ் வால்வு வழியே பாயும் குருதியின் வேகம் கீழறையின் விரிநிலை இயல்பைக் காட்டுவதாக அறிவித்தனர்.

இப்பாய்வில் இரு அலைகள் உள்ளன. கீழறை தளர்ந்தவுடன் மேலறையிலிருந்து விரைந்து இறங்கும் குருதி முதல் அலை. அதற்கு ‘ஈ’ என்று பெயர். விரிநிலையின் இறுதியில் மேலறை சுருங்கித் தள்ளும் குருதி இரண்டாம் அலை. அது ‘ஏ’ எனப்படும். இளமையில் முதல் அலையே பெரிது. தளர்வு மெதுவானால் முதல் அலை தாழ்ந்து இரண்டாம் அலை உயரும். திரையில் தோன்றும் இரு சிகரங்களின் உயரத்தை ஒப்பிட்டே, உடலில் ஊசி படாமல், கீழறையின் தளர்வைப் பற்றி ஒரு கருத்துக்கு வரமுடிந்தது.

7. நிகழ்வுகளின் வரிசை

குருதிக் குறையில் முதலில் கெடுவது எது என்பதை மனிதரிடத்தே காணும் வாய்ப்பை மற்றொரு மருத்துவம் தந்தது. 1977-இல் சூரிச் நகரில் ஆந்திரேயாஸ் குருன்ட்சிக் இதயத் தமனியின் அடைப்பைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். பலூன் விரிந்திருக்கும் சில நொடிகள் தமனி முழுவதும் அடைபடும். 1987-இல் லாபோவிட்சும் குழுவினரும் அந்நேரத்தில் மீயொலியால் இதயத்தைக் கவனித்தனர். விரிநிலை நிரம்பலில் மாற்றம் முந்தியும், சுவர் சுருங்குவதில் குறை அதற்குப் பிந்தியும் தோன்றின.

அதே ஆண்டில் நெஸ்டோ, கோவால்சுக் ஆகியோர் இவ்வகைச் சான்றுகளைத் தொகுத்து ‘குருதிக்குறைத் தொடர்வரிசை’ என்னும் கருத்தை முன்வைத்தனர். அதன்படி குருதிப் பாய்வு குறைகிறது, தளர்வு கெடுகிறது, சுருக்கம் குன்றுகிறது, மின்னிதய வரைவில் மாற்றம் தோன்றுகிறது, இறுதியிலேயே வலி எழுகிறது. ஹெபர்டனின் நோயர்கள் நோயின் தொடக்கமாகக் கூறிய வலி, இதயத்தின் அளவில் நிகழ்வுகளின் கடைக்கோடியில் நிற்பது என்பது இதனால் புலனாகிறது.

கெட்ட தளர்வு மேலும் ஒரு தீங்கை விளைக்கிறது. மெதுவாகத் தளரும் தசை, விரிநிலையில் தனக்குள் பாயவேண்டிய குருதியையே தடுக்கிறது. உள்ளழுத்தம் உயர்வதால் சுவரின் உட்புற அடுக்கு நெருக்குண்டு ஊட்டம் இழக்கிறது. குருதிக் குறை தளர்வைக் கெடுக்க, கெட்ட தளர்வு குருதிக் குறையை மிகுவிக்கிறது. நெஞ்சு நெரிப்புடையோர் சிலர் வலியினும் மூச்சுத்திணறலை மிகுதியாக உணர்வதற்கும் இவ்வழுத்தம் நுரையீரலை எட்டுவதே காரணமாகும்.

8. இயல்பெனத் தோன்றும் இதயம்

ஹெபர்டன் மறைந்தபின் 1802-இல் வெளியான அவருடைய நூலில், தாம் கண்ட ஏறத்தாழ நூறு நோயருள் பெண்கள் மூவரே என்ற குறிப்பு உள்ளது. நெஞ்சு நெரிப்பு ஆண்களின் நோய் என்னும் எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. தமனிப் படம் எடுக்கும் முறை வந்தபின், வலியிருந்தும் பெருந்தமனிகளில் அடைப்பில்லாத நோயர் பலர் இருப்பது தெரியவந்தது. 1973-இல் கெம்ப் இந்நிலையை ‘எக்ஸ் நோய்க்குறித்தொகுப்பு’ என்று சுட்டினார். இவர்களுள் பெண்கள் மிகுதி. அடைப்பில்லை, சுருக்கமும் இயல்பு என்றானபின், வலி மனத்தின் விளைவு என்று திருப்பி அனுப்பப்பட்டோர் பலர்.

1996-இல் அமெரிக்காவில் பெண்களின் குருதிக் குறையை ஆராயும் பெருந்திட்டம் தொடங்கப்பட்ட பின்னர், நுண்குழல்களின் பழுதும் நெஞ்சு நெரிப்பை உண்டாக்கும் என்பது வலுப்பெற்றது. 2018-இல் தாக்கெட்டியும் குழுவினரும், பெருந்தமனி அடைப்போ சுருக்கக் குறையோ இல்லாத 201 நோயரை ஆராய்ந்து, நுண்குழல் பழுதுக்கும் மீயொலியில் காணும் விரிநிலைக் குறைபாட்டுக்கும் தொடர்பிருப்பதைக் காட்டினர். இரண்டும் ஒருங்கே உடையோருக்கே பிற்காலத்தில் இதயச் செயலிழப்பால் மருத்துவமனை சேரும் இடர் மிகுந்திருந்தது. ‘இயல்பு’ எனப்பட்ட இதயம் முழுமையாக ஆராயப்படாத இதயம் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

9. அளவீட்டின் எல்லைகள்

மீயொலி காட்டுவதெல்லாம் குருதிக் குறையின் அடையாளம் என்று கொள்வது மறுபக்கப் பிழையாகும். முதுமை, உயர் குருதி அழுத்தம், நீரிழிவு ஆகியவையும் தளர்வைக் குறைக்கும். அறுபதைக் கடந்தோரில் இரண்டாம் அலை உயர்ந்து காணப்படுவது பெரும்பாலும் வயதின் இயல்பே. 2003-இல் ரெட்ஃபீல்டும் குழுவினரும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 45 வயதைக் கடந்த 2042 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மிதமான தொடக்கநிலைக் குறைபாடு இருந்தது.

அலைகளின் ஒப்பீட்டிலும் ஒரு மயக்கம் உண்டு. நோய் முற்றி மேலறை அழுத்தம் உயர்ந்தால், தாழ்ந்த முதல் அலை மீண்டும் உயர்ந்து நலமானவரின் படம்போலவே தோன்றும். 1988-இல் ஆப்பிள்டன், ஹாட்லே, பாப் ஆகியோர் குழாய் அளவீட்டையும் டாப்ளரையும் ஒருங்கே கொண்டு இப்பாய்வு வடிவங்களை விளக்கினர். 1990-களில் தசையின் அசைவு வேகத்தையே அளக்கும் திசு டாப்ளர் முறை பரவியது. குருதியின் வேகத்தைவிட வால்வு வளையத்தின் வேகம் நிரம்பும் அழுத்தத்தால் குறைவாகவே பாதிக்கப்படுவதால் மயக்கம் பெரிதும் தெளிந்தது.

2016-ஆம் ஆண்டின் அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல், சுருக்கம் இயல்பாக உள்ளோருக்கு நான்கு அளவுகோல்களை வகுத்தது: வளைய வேகம் உட்சுவரில் நொடிக்கு 7 செ.மீ.க்குக் கீழ் அல்லது பக்கச்சுவரில் 10 செ.மீ.க்குக் கீழ், முதல் அலைக்கும் வளைய வேகத்துக்கும் உள்ள விகிதம் 14-க்கு மேல், மேலறைக் கொள்ளளவு உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 34 மி.லி.க்கு மேல், மூவிதழ் வால்வின் பின்னொழுக்கு வேகம் நொடிக்கு 2.8 மீட்டருக்கு மேல். இவற்றுள் பாதிக்கு மேல் பொருந்தினால் குறைபாடு உண்டு. சரிபாதி பொருந்தினால் முடிவு கூற இயலாது. ‘முடிவு கூற இயலாது’ என்பதையும் ஒரு வகையாக ஏற்றது இத்துறையின் முதிர்ச்சியைக் காட்டுகிறது.

10. முடிவுரை

நெஞ்சு நெரிப்பின் வரலாறு கருவிகளின் வரலாறு மட்டுமாக அமையவில்லை. எதனைச் செயல் என்று கொள்கிறோம், எதனை ஓய்வு என்று ஒதுக்குகிறோம் என்னும் கருத்தின் வரலாறும் அதில் பின்னியுள்ளது. எட்லரின் கருவி 1953-லேயே விரிநிலையைப் பதிவு செய்தது. அதில் தளர்வைக் காணவேண்டும் என்ற எண்ணம், தளர்வுக்கும் ஆற்றல் செலவாகிறது என்று உடலியல் கூறிய பின்னரே வேரூன்றியது.

தமிழில் இதனை எடுத்துரைப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. ‘தளர்வு’ என்னும் சொல் நம் வழக்கில் சோர்வையும் வலுவிழப்பையும் உணர்த்துவது. ‘இதயத் தளர்வில் குறை’ என்று கேட்கும் நோயர், இதயம் தளர்ந்துவிட்டது என்று நேர்மாறாகப் பொருள்கொள்ள இடமுண்டு. அவருக்கு நேர்ந்திருப்பதோ, தளரவேண்டிய வேளையில் இதயம் இறுகி நிற்பது. ‘இளகல்’, ‘நெகிழ்வு’ போன்ற சொற்கள் இவ்விடத்தில் பொருளைத் தெளிவாக்கக்கூடும். எச்சொல்லைத் தேர்ந்தாலும், இதயம் சுருங்கி முடித்தபின் செய்வதும் உழைப்பே என்பதை அது நோயருக்கு உணர்த்துதல் வேண்டும். அறிக்கையின் இரண்டாம் வரி அச்சத்திற்குரிய தீர்ப்பும் ஆகாது, புறக்கணிக்கத்தக்க குறிப்பும் ஆகாது. வயது, குருதி அழுத்தம், வலியின் இயல்பு ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கவேண்டிய சான்று அது. அவ்வாறு படிப்பதற்கு, ஹெபர்டன் செய்ததுபோல, நோயரின் சொல்லை முதலில் செவிமடுத்தல் இன்றியமையாதது.